கிரீன் என்றால் பச்சை மட்டும்தானா? புதிதாக ஆங்கிலம் பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கத்திலிருந்து தினமும் பஸ் ஏறிப் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஓட்டல், கஃபே, விருந்தினர் இல்லம், படகுத்துறை, கைவினைக் கடை என்று எங்கே சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே ஆங்கிலம் தேவைப்பட்டுவிடுகிறது. தமிழ்வழியில் படித்து வருகிறவர்களுக்கு ஆங்கிலச் சொல்லே தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நிறையவே தெரியும். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று மட்டும் தெரிந்திருக்கும், அதுதான் குறை. ரெட் என்றால் சிவப்பு, ப்ளூ என்றால் நீலம், கிரீன் என்றால் பச்சை.

மாலை நேரத்தில் இந்தப் பிள்ளைகளுக்குப் பேச்சு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: புதுச் சொற்களைக் கட்டுக்கட்டாக மனப்பாடம் செய்வதைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். ஏற்கெனவே காதில் விழுந்துகொண்டிருக்கும் ஒரு சின்னச் சொல்லை எடுத்து அடிவரை தெரிந்துகொள்ளுங்கள். இங்கே கிரீனை எடுத்திருக்கிறேன். நம் பச்சையும் அந்தக் கிரீனும் பாதித் தூரம் சேர்ந்தே வருகின்றன, அப்புறம் ஆளுக்கொரு பக்கம் திரும்பிவிடுகின்றன. எங்கே திரும்புகின்றன என்று தெரிந்துவிட்டால் பேச்சில் தடுமாற்றம் பெரிதும் குறையும்.

முதல் படி: நிறத்தைத் தள்ளிவைத்துவிட்டு வேரைப் பிடியுங்கள்

கிரீன், புல்லைக் குறிக்கும் கிராஸ், வளர்வதைக் குறிக்கும் குரோ, இந்த மூன்றும் பழைய ஜெர்மானிய மொழி வேர் ஒன்றிலிருந்து கிளைத்தவை. அதனால் கிரீன் என்றதும் பெயின்ட் டப்பாவை நினைக்காதீர்கள். உயிரோடு இருப்பது, வளர்ந்துகொண்டிருப்பது, இன்னும் முற்றாதது, காயாதது, வேகாதது என்று நினையுங்கள். நம் பச்சைக்கும் இதே குணம் உண்டு. பச்சரிசி வெள்ளையாக இருக்கிறது. பச்சைப் பாலும் வெள்ளைதான். பச்சை விறகு பழுப்பு. யாரும் அவற்றில் நிறத்தைத் தேடுவதில்லை.

இதை நேரில் பார்க்க வேண்டுமானால் ஒரு மட்பாண்டப் பட்டறைக்குப் போங்கள். புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கியதிலிருந்து இந்தக் கலை இங்கே ஆழமாக வேர்விட்டிருக்கிறது. ஆரோவில் வட்டாரத்திலும் பட்டறைகள் இருக்கின்றன. சக்கரத்திலிருந்து இறக்கிய கோப்பைகளைப் பலகையில் வரிசையாக அடுக்கி நிழலில் காயவிட்டிருப்பார்கள். விளிம்பு முதலில் வெளுக்கும், அடிப்பாகம் கருமையாகவே இருக்கும். காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கோப்பையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். சாம்பலும் பழுப்புமாக இருக்கும் அந்த வரிசைக்கு ஆங்கிலத்தில் 'கிரீன்வேர்' என்று பெயர். சுடாத மண்பாண்டம். அதில் பச்சை நிறம் துளிகூட இருக்காது. தண்ணீரில் போட்டால் மறுபடி சேறாகிவிடும்.

வள்ளுவர் வினைத்தூய்மை அதிகாரத்தின் கடைசிக் குறளில், வஞ்சத்தால் பொருள் சேர்ப்பதைப் 'பசுமண் கலத்துள்' நீர் ஊற்றி வைப்பதற்கு ஒப்பிடுகிறார். அந்தப் பசுமண் கலம்தான் ஆங்கிலக் குயவரின் கிரீன்வேர். இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று கேட்டுச் செய்ததில்லை, தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. எனக்கு இது ஒவ்வொரு முறையும் வியப்பாகவே இருக்கிறது.

செங்கல் சூளையில் சுடுவதற்கு முன் அடுக்கிவைத்திருப்பதை நாம் பச்சைக்கல் என்கிறோம், அவர்கள் 'கிரீன் பிரிக்' என்கிறார்கள். வெட்டிய ஈரம் காயாத சவுக்குக் கட்டை 'கிரீன் வுட்'. கொட்டி இறுகத் தொடங்கியும் இன்னும் பலம் ஏறாத கான்கிரீட் 'கிரீன் கான்கிரீட்'. ஒரு எச்சரிக்கை: சுற்றுச்சூழலுக்குக் கேடு குறைத்துத் தயாரிக்கும் கான்கிரீட்டையும் இப்போது அதே பெயரில் அழைக்கிறார்கள். கட்டட வேலைக்குப் போகிறவர்கள் பேச்சின் முன்பின்னைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாம் படி: சாப்பாட்டு மேசையிலிருந்து தொடங்குங்கள்

புதுச்சேரியில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தப் படிதான் உடனே கைகொடுக்கும். அதனால் நிதானமாகப் படியுங்கள்.

வெளிநாட்டு விருந்தினர் 'கிரீன் சாலட்' கேட்டால் அவர் மனதில் இருப்பது லெட்யூஸ் போன்ற இலைகள் நிறைந்த தட்டு. நம் ஓட்டல்களில் அந்தப் பெயரில் வருவது வெள்ளரி, தக்காளி, வெங்காயம், கேரட் வில்லைகள். இரண்டுமே தவறில்லை. ஆர்டர் எடுக்கும்போதே தட்டில் என்ன வரும் என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள், பிரச்சினை முடிந்தது.

'கிரீன் பெப்பர்' இன்னும் வம்பு பிடித்தது. இங்கிலாந்துக்காரரும் அமெரிக்கரும் அப்படிச் சொல்வது பச்சைக் குடைமிளகாயை. ஆஸ்திரேலியர் நம்மைப் போலவே கேப்சிகம் என்பார். பச்சை மிளகாய் 'கிரீன் சில்லி'. கொடியிலிருந்து பறித்த பச்சை மிளகு 'கிரீன் பெப்பர்கார்ன்'. இந்த மூன்றையும் குழப்பினால் காரம் தாங்காதவர் தட்டில் மிளகாய் போய் உட்கார்ந்துவிடும். ஆகவே 'பெப்பர்' என்ற சொல் காதில் விழுந்தாலே எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

'கிரீன்ஸ்' என்று பன்மையில் வந்தால் கீரை. மெனுவில் கீரைப் பொரியலை 'ஸ்பினாச்' என்று போடுவது பெரிய வழக்கமாகிவிட்டது. ஸ்பினாச் என்பது ஒரு குறிப்பிட்ட கீரை. அரைக்கீரை, சிறுகீரை, முருங்கைக்கீரை எதுவும் அது அல்ல. 'கிரீன்ஸ்' என்று எழுதுவதுதான் நேர்மை. இங்கிலாந்தில் இந்தச் சொல் கோஸ் வகை இலைக்காய்களையும் சேர்த்துக்கொள்ளும். 'ஈட் யுவர் கிரீன்ஸ்' என்று அங்கே அம்மாமார் பிள்ளைகளை அதட்டுவது அதைத்தான்.

காய்க்கு வருவோம். மாங்காயை நாம் இந்திய ஆங்கிலத்தில் 'ரா மேங்கோ' என்கிறோம், வாழைக்காயை 'ரா பனானா'. வெளியூர்க்காரர் பலர் 'கிரீன் மேங்கோ', 'கிரீன் பனானா' என்பார்கள். பண்ருட்டிப் பலாவில் கறிக்காகும் பலாக்காயும் ஆங்கிலத்தில் 'கிரீன் ஜேக்ஃப்ரூட்'. இதே பழக்கத்தில் வறுக்காத காப்பிக் கொட்டை 'கிரீன் காஃபி'. ஆஸ்திரேலியாவில் 'கிரீன் ப்ரான்ஸ்' என்றால் வேகவைக்காத இறால். கடலூர் முதுநகர் மீன்சந்தையில் பச்சை இறால் என்று நாம் சொல்வதை அப்படியே மொழிபெயர்த்த மாதிரி இருக்கும். ஆனால் இதை எல்லா நாட்டுக்காரரிடமும் சொல்லக்கூடாது. மற்றவர்கள் நிறம் மாறிய இறாலோ என்று பயந்துவிடுவார்கள். பொதுவாக 'ரா ப்ரான்ஸ்' என்பதே பாதுகாப்பு.

பாக்கெட்டுகளில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருக்கிறதே, அது நம் நாட்டில் சைவத்துக்கான சட்டப்படியான குறி. வெளிநாட்டவர் பலருக்கு இது தெரியாது, இயற்கை விவசாயப் பொருள் என்று நினைத்துக்கொள்வார்கள். முட்டை, மீன், இறைச்சி இல்லை, பால் இருக்கலாம் என்று விளக்குங்கள். பால்கூடத் தொடாத வீகன் விருந்தினருக்கு அந்தக் கடைசித் தகவல் மிக முக்கியம்.

மூன்றாம் படி: மனிதர்களைப் பற்றிச் சொல்லும்போது

ஒருவரை 'கிரீன்' என்றால் அனுபவமில்லாதவர், இன்னும் பழகாதவர் என்று அர்த்தம். 'கிரீன்ஹார்ன்' என்பதும் அதுவே, கொம்பு இப்போதுதான் முளைத்த கன்று என்ற நினைப்பில் வந்த சொல். நாமும் பச்சைப்பிள்ளை என்கிறோம், ஆனால் அதில் பாசம் இருக்கிறது. ஆங்கிலக் கிரீனில் பாசத்தைவிட லேசான இளக்காரம்தான் அதிகம். உங்களைப் பற்றி நீங்களே சொல்லிக்கொள்ளலாம். புதிதாகச் சேர்ந்த இன்னொருவரை விருந்தினர் முன்னால் அப்படிச் சொல்லாதீர்கள். 'ஷீ இஸ் நியூ டு த ஜாப்' என்றால் போதும், மரியாதையும் கெடாது.

முகத்தைப் பார்த்து 'யூ லுக் எ பிட் கிரீன்' என்றால் விஷயமே வேறு. வாந்தி வரும்போல் இருக்கிறது என்று பொருள். கடலுக்குள் ஆட்களைக் கூட்டிப்போகும் படகில் வேலை பார்க்கிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பயணி தன் மனைவியைக் காட்டி 'ஷீ இஸ் டர்னிங் கிரீன்' என்றால் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போகக்கூடாது. நம் வழக்கில் முகம் வெளிறிவிட்டது என்போமே, அந்த நிலை. ஆட்டம் குறைவாக இருக்கும் நடுப்பகுதியில் உட்காரவைத்து, தூரத்து அடிவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

'கிரீன் வித் என்வி' என்பது பொறாமை. நமக்குப் பொறாமை வந்தால் வயிறு எரியும், அவர்களுக்கு முகம் பச்சையாகும். பெரும்பாலும் இதை நட்பாகவே சொல்வார்கள். கடற்கரைச் சாலையில் தினமும் காலையில் நடக்கிறேன் என்று நீங்கள் சொன்னதும் விருந்தினர் 'ஐ ஆம் கிரீன் வித் என்வி' என்றால் சண்டைக்கு வரவில்லை, கொடுத்துவைத்தவர் நீங்கள் என்கிறார்.

அப்புறம் 'கிரீன் ஃபிங்கர்ஸ்', அமெரிக்கர் வாயில் 'கிரீன் தம்ப்'. செடி வளர்ப்பதில் கைராசி. தோட்டக்கார அண்ணனை ஒருவர் இப்படிப் புகழ்ந்தால் மறக்காமல் அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

நான்காம் படி: அனுமதி

இது சுலபம். ஆரம்பகால இங்கிலாந்து ரயில்பாதைகளில் வெள்ளை விளக்குதான் போகலாம் என்பதற்கு, பச்சை எச்சரிக்கைக்கு. வெள்ளை மற்ற விளக்குகளோடு குழம்பியதால் பிறகு பச்சையே வழிவிடும் நிறமானது. அங்கிருந்து 'கிரீன் லைட்' ஒப்புதலுக்குப் பெயராகிவிட்டது. முதலாளி பச்சைக்கொடி காட்டிவிட்டார் என்று சொல்ல 'ஹி கேவ் அஸ் த கிரீன் லைட்' என்பதே வழக்கு. கொடியை அப்படியே மொழிபெயர்க்கவேண்டாம், ஏனென்றால் 'கிரீன் ஃபிளாக்' என்று இன்றைய இளைஞர்கள் சொல்வது ஒருவரிடம் தெரியும் நல்ல அறிகுறியை. விமான நிலையத்தில் 'கிரீன் சேனல்' சுங்கத்துக்குக் காட்ட எதுவும் இல்லாதவர்கள் போகும் வழி. 'கிரீன் கார்டு' அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை.

பச்சை மையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊரில் பச்சை மைக் கையெழுத்து என்றாலே கெசட்டட் அதிகாரி நினைவுக்கு வருவார். பிரிட்டனில் உளவுத்துறைத் தலைவர் பச்சை மையில் கையெழுத்திடும் மரபு இருக்கிறது. ஆனால் அங்கே பத்திரிகைக்காரர்கள் 'கிரீன் இங்க்' கடிதம் என்று சொன்னால் கிறுக்குத்தனமான வாசகர் கடிதம். அங்கே யாருக்காவது கடிதம் எழுதுவதானால் நீல மையே நல்லது.

ஐந்தாம் படி: சுற்றுச்சூழல் கிரீனைக் கவனமாகக் கையாளுங்கள்

இன்றைய செய்திகளில் அதிகம் வருவது இந்தப் பொருள்தான். தமிழில் இதற்குப் பச்சை என்று சொல்லாமல் பசுமை என்று பிரித்து வைத்திருக்கிறோம். 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது தேசிய பசுமைத் தீர்ப்பாயம். அதேபோல் பசுமைப் பட்டாசு, பசுமை இல்ல வாயு. மிக நல்ல ஏற்பாடு, விட்டுவிடக்கூடாது. தொட்டுப் பார்க்கும் பொருளுக்குப் பச்சை, கொள்கைக்கும் திட்டத்துக்கும் பசுமை என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும்.

ஆனால் கிரீன் என்று வருவதெல்லாம் பசுமை ஆகிவிடாது. 'கிரீன்ஃபீல்ட்' விமான நிலையம் என்றால் ஏற்கெனவே கட்டடம் எதுவும் இல்லாத இடத்தில் அடியிலிருந்து புதிதாகக் கட்டும் விமான நிலையம். மரம் வளர்ப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வயலையும் ஏரியையும் மூடிக் கட்டினாலும் அது கிரீன்ஃபீல்ட்தான். இதைத் தமிழில் 'பசுமை விமான நிலையம்' என்று எழுதும்போது வாசகர் சுற்றுச்சூழலுக்கு நல்லது ஏதோ நடக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார். நிலம் கொடுக்கப்போகிறவருக்குக்கூட அந்தப் பெயர் தவறான எண்ணத்தைத் தரும். செய்தி மொழிபெயர்ப்பவர்கள் இதை உடனே திருத்திக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். 'புதிய இடத்தில் அமையும் விமான நிலையம்' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

'கிரீன் பெல்ட்' என்பதை வேலை விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். கடலூர் சிப்காட் போன்ற தொழிற்பேட்டையில் அது ஆலையைச் சுற்றி வளர்க்க வேண்டிய மர வளையமாக இருக்கலாம். 'சிக்ஸ் சிக்மா கிரீன் பெல்ட்' என்று இருந்தால் தரக்கட்டுப்பாட்டில் ஒரு தகுதிநிலை. கராத்தே வகுப்பில் இடுப்புப் பட்டை. இங்கிலாந்துச் செய்தியில் வந்தால் நகரைச் சுற்றிக் கட்டடம் எழுப்பத் தடையுள்ள நிலம். பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்க்காமல் இவற்றில் எதையும் பிடிக்க முடியாது.

விருந்தினர் இல்லங்களில் வேலை பார்க்கிறவர்களுக்கு 'கிரீன்வாஷிங்' என்ற சொல் நேரடியாகத் தொடர்புள்ளது. குளியலறையில் ஒரு அட்டை தொங்கும். பூமியைக் காப்பாற்ற டவலை மறுபடி பயன்படுத்துங்கள் என்று அதில் எழுதியிருக்கும். ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்கர் 1986இல் எழுதிய கட்டுரையில் இந்த மாதிரி அட்டைகளைத்தான் எடுத்துக்கொண்டார். சலவைச் செலவைக் குறைப்பதை இயற்கைப் பாதுகாப்பாகக் காட்டிக்கொள்கிறார்கள் என்று சொல்லி இந்தப் பெயரை வைத்தார். வெள்ளையடிப்பது மாதிரி இது பசுமையடிப்பது. டவலை மறுபடி பயன்படுத்துவது நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் விருந்தினர் 'இஸ் திஸ் ஜஸ்ட் கிரீன்வாஷிங்?' என்று கேட்டால் அது டவலைப் பற்றிய புகார் இல்லை. உங்கள் இடத்தில் உண்மையில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிறார். மழைநீர் சேகரிப்பு, பிளாஸ்டிக் பாட்டில் தவிர்ப்பது, குப்பையைத் தரம் பிரிப்பது என்று நடப்பதை மட்டும் சொல்லுங்கள். நடக்காததைச் சொல்லவேண்டாம்.

நாடகக் கலைஞர்களுக்குத் தெரிந்த 'கிரீன் ரூம்' இந்தக் கணக்கில் சேராது. அது ஒப்பனை அறை. புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் இருக்கும் நிகழ்கலைப் பள்ளிக்குப் போனாலும் அந்த அறைச் சுவரில் பச்சையைத் தேட வேண்டியதில்லை.

ஆறாம் படி: தமிழிலிருந்து போகும்போது கிரீனை விட்டுவிடுங்கள்

இதுவரை அங்கிருந்து இங்கே வந்தோம். இங்கிருந்து அங்கே போகும்போதுதான் வழுக்கும். 'பச்சைத் தண்ணீர்' குளியலுக்கு என்றால் 'கோல்டு வாட்டர்', குடிப்பதற்கு என்றால் 'பிளெயின் வாட்டர்'. கிரீன் வாட்டர் என்றால் பாசி படிந்த குளம்தான் கண்முன் வரும். பச்சை முட்டை, பச்சைப் பால், பச்சரிசி எல்லாமே 'ரா'. சமையல் வகுப்பு நடத்துகிறவர்கள் தினமும் சொல்லும் 'பச்சை வாசனை போக வதக்கணும்' என்பதற்கு 'ஃப்ரை அன்டில் த ரா ஸ்மெல் கோஸ்'. வெளிநாட்டவருக்கு அப்போதும் புரியாது. இஞ்சி பூண்டு விழுதை வதக்குவதற்கு முன்னும் பின்னும் முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள், உடனே பிடித்துக்கொள்வார்கள்.

பச்சைப் பொய்க்கு ஆங்கிலத்தில் நிறம் இல்லை, 'பேர்ஃபேஸ்டு லை' என்பார்கள். பச்சை குத்துவது 'டாட்டூ'. பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி என்பதை 'ஷீ ஹேஸ் ஜஸ்ட் கிவன் பெர்த்' என்று விரித்துத்தான் சொல்ல வேண்டும். பச்சைபச்சையாகப் பேசுவது ஆங்கிலத்தில் நிறம் மாறி 'ப்ளூ ஜோக்' ஆகிவிடுகிறது.

பழகுவதற்கு

ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் கிரீனோடு வந்த முழுத் தொடர், வலப்பக்கம் யார், எங்கே, எதற்காகச் சொன்னார் என்று தமிழில் ஒரு வரி. 'கிரீன் = பச்சை' என்று தனியாக எழுதாதீர்கள். மெனு, வேலை விளம்பரம், மருந்துக் கடைப் பலகை, பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் பேச்சு, எங்கே கிடைத்தாலும் எழுதுங்கள். குபேர் அங்காடியில் காய்கறிப் பக்கம் ஒரு சுற்று சுற்றி, பார்க்கும் ஒவ்வொன்றுக்கும் 'கிரீன்', 'ரா', 'ஃப்ரெஷ்', 'டெண்டர்' இந்த நான்கில் எது பொருந்தும் என்று சொல்லிப் பாருங்கள். இளநீருக்கு 'டெண்டர்', இப்போது பறித்த கீரைக்கு 'ஃப்ரெஷ்'.

உச்சரிப்பில் ஈகாரத்தை நன்றாக நீட்டுங்கள். குறுக்கினால் இளிப்பைக் குறிக்கும் 'கிரின்' ஆகிவிடும். எதிரில் இருப்பவர் என்ன பொருளில் சொன்னார் என்று சந்தேகம் வந்தால் 'டூ யூ மீன் த கலர்?' என்று கேளுங்கள், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். நோட்டில் இரண்டு பக்கம் நிரம்பியதும் அடுத்ததாக ப்ளூவை எடுத்துக்கொள்ளலாம். 'ப்ளூ காலர்', 'ப்ளூபிரின்ட்', 'அவுட் ஆஃப் த ப்ளூ' என்று அதிலும் நிறைய இருக்கின்றன.